நானூற்றுப் பன்னிரண்டு

லாரிக்காரர்கள் என்னைக் கிலோ என்றுதான் கூப்பிடுவார்கள். எடைமேடையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைவிட நல்ல பெயர் கிடைக்காது. வேலை சுலபம். வண்டி சரக்கோடு மேடையில் ஏறும், எடை போட்டு எழுதுவேன். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறும், மறுபடி எழுதுவேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. இந்த ஒரு கழித்தலில் ஏமாற்ற ஆட்கள் படும் பாடு இருக்கிறதே! சரக்கோடு வரும்போது தண்ணீர்ப் பீப்பாயை நிரப்பி வருவார்கள், வெறும் வண்டியாக வரும்போது கொட்டிவிட்டு வருவார்கள்; அந்தத் தண்ணீரும் சரக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், என் சொந்த ரத்தத்தில் அதே வேலையைச் செய்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் போன வருடத்தைச் சொல்ல வேண்டும். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள், வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருடம் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என் ரிப்போர்ட்டில் பாதி எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது. விவரம் தெரியாமல் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பெட்டியோடு வாசலில் நின்றாள்.

பதினேழு நாள் இருந்தாள். முதல் வேலையாக எண்ணெய் பாக்கெட்டுகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, என்னைச் சமையலறை மேஜையில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள்.

"எல்டிஎல்னா கெட்ட கொழுப்பு. ரத்தக் குழாய்ல போய் ஒட்டிக்கும். எச்டிஎல் நல்லது, ஒட்டினதை வாரிட்டுப் போகும். ட்ரைகிளிசரைடுன்னு இன்னொரு கொழுப்பு இருக்கே, அது நீங்க தின்னுற சர்க்கரை, எண்ணெய், உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கிறது, எல்லாத்துக்கும் சேர்த்து ஏறும்."

"அப்போ எல்லாம் நான் பண்ணின தப்புங்கறே."

"பாதி உங்க நாக்கு. பாதி தாத்தா. அவரும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தானே போனார்? பரம்பரையா வர்றதும் உண்டுப்பா."

"எங்கப்பா எனக்குன்னு எழுதி வெச்ச சொத்து இது ஒண்ணுதான் போல" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தாள்.

சாயங்காலம் இருவரும் நடக்கப் போவோம். நான் மூச்சு வாங்கி நின்றால் அவளும் நிற்பாள். திரும்பி வந்ததும் மேஜையில் தடிப் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். தலைமை நர்ஸ் ஆவதற்கான பரீட்சை. ஒரு முறை எழுதி, நாலே மதிப்பெண்ணில் கோட்டை விட்டிருந்தாள். அவள் பக்கம் திருப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட இருக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை.

அவள் போன பிறகு மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டேன். தனியாகவே நடந்தேன். மூன்று மாதத்தில் எல்லா எண்ணும் இறங்கிவிட்டது. "ரொம்ப நிம்மதிப்பா" என்றாள். நிஜமாகவே நிம்மதியாகிவிட்டாள். தினமும் வந்த போன் வாரம் ஒன்றானது, அப்புறம் மாதம் இரண்டு. அவளைக் குறை சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் சொல்கிறேன்.

இந்த வருடப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் விடிந்தும் விடியாததுமாக டீக்கடைக்குப் போனேன். வெண்ணெய் தடவிய ரொட்டி ஆறு, எண்ணெயில் மிதந்த முட்டை மூன்று, கிரீம் கேக் இரண்டு துண்டு, சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ. கடைக்காரர், "ரெண்டு பேருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, ஓர் ஆள் வரப்போவது போல எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் நானே தின்றேன். ஒரு வருடம் தொடாத பண்டங்கள். ருசியே தெரியவில்லை.

ஒன்பது மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற பெண், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இந்த வருடம் என்னை அந்தக் கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள்தான். இல்லை என்றதும், "ரொம்ப நல்லது" என்றாள்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. நூற்றைம்பதைத் தாண்டக் கூடாத ட்ரைகிளிசரைடு நானூற்றுப் பன்னிரண்டு. எல்டிஎல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை, 'கணக்கிட இயலவில்லை' என்று அச்சடித்திருந்தார்கள். இவ்வளவு ஏறும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அப்பா, எல்டிஎல்லை நேரா அளக்க மாட்டாங்க. மத்த எண்ணை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. ட்ரைகிளிசரைடு நானூறைத் தாண்டினா அந்தக் கணக்கு சரியா வராது. அதான் போடல. ஆனா மொத்தக் கொழுப்பு அவ்வளவா மாறல, இது மட்டும் இப்படி எகிறியிருக்கு. சாப்பிட்டுட்டுப் போனீங்களா?"

நர்ஸைப் பெற்றவன் இதை எதிர்பார்த்திருக்க வேண்டாமா?

"பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல" என்றேன்.

"அப்போ சர்க்கரை, தைராய்டு, கிட்னி எல்லாம் பாக்கணும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை நான் வரேன்."

அன்றும் மறுநாளும் நான் இருந்த இருப்பைச் சொன்னால் வெட்கக்கேடு. வீடு முழுக்கத் துடைத்தேன். அவள் அறைக்கு ஜன்னல் திரை மாற்றினேன். வேலைக்குப் போகிற வழியில் என்னையறியாமல் விசிலடித்தேன். லாரிக்காரர் ஒருவர், "என்ன கிலோ, லாட்டரியா?" என்று கேட்டார்.

புதன்கிழமை மறுபடி கூப்பிட்டாள். டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

"லீவு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. சனிக்கிழமை பரீட்சைன்னு இருந்தது. பரவாயில்ல, அடுத்த வருஷம் எழுதிக்கிறேன். நீங்க அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதீங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க மனசு என்னென்னவோ நியாயம் பேசியது. பரீட்சைதானே, வருடா வருடம் வரும். அவள் ஒரு வாரம் வந்துவிட்டுப் போகட்டும், அதற்குள் எண் தானாக இறங்கிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. பீப்பாயைக் கொட்டிவிட்டு வருகிறவன் இப்படித்தான் நினைப்பான். வியாழக்கிழமை மதியம் எடைமேடை அறையிலிருந்து போன் செய்தேன்.

"நான் சாப்பிட்டுட்டுப் போனேம்மா."

"எப்போ?"

"ரத்தம் எடுக்கற அன்னிக்கு. ரொட்டி, முட்டை, கேக்கு. வேணும்னேதான் தின்னேன்."

"எதுக்குப்பா?"

காரணத்தை நான் சொல்லாமலே அவளாகப் புரிந்துகொண்டாள். பிறகு கத்தினாள். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றாள். டாக்டர்கள் பின்னாலேயே ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்றாள். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன். கத்தி ஓய்ந்ததும் அழுதாள். அதுதான் தாங்கவில்லை.

"டிக்கெட்டை ரத்து பண்ணிடும்மா. பரீட்சைக்குப் போ. நான் இன்னொரு தடவை வெறும் வயித்தோட போய்க் குடுத்துட்டு வரேன், சத்தியமா."

"சும்மா வாம்மான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமேப்பா. வர மாட்டேன்னா சொல்லிடப் போறேன்?"

"கூப்பிட்டேம்மா. மூணு தடவை. மூணு தடவையும், உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு கேட்டே. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அப்போ சரிப்பா, அப்புறம் பாக்கலாம்னு சொன்னே."

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா, அதுவும் நாளைக்கு மறுநாள் பரீட்சை எழுதப் போகிற பிள்ளையிடம்? என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லை.

"வண்டி வந்து நிக்குதும்மா, வெச்சுடறேன். நல்லா எழுது" என்றேன்.

அது சாப்பாட்டு வேளை. மேடையில் ஒரு வண்டியும் இல்லை.