பின்சக்கரத்துக்குப் போகும் பைப்

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டின் பக்கவாட்டில், மச்சானின் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டு கொடுத்திருந்தான். சாவு வீட்டில் இது என்ன வேலை என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பொய்கூடத் தயாராக இல்லை. செல்போன் டார்ச்சை அடித்து மேலே பார்த்தான்.

மச்சான், அக்கா புருஷன், நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது, இறக்கத்தின் முடிவில், கார் நேராகப் போய் ஒரு சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. பம்பர் நெளிந்திருந்தது, அவ்வளவுதான். ஆள்மேல் ஒரு கீறல்கூட இல்லை. உயிரும் இல்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். நெஞ்சு நின்றதால் கார் முட்டியதா, பிரேக் பிடிக்காத பயத்தில் நெஞ்சு நின்றதா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்கவில்லை.

காரை இழுத்துவந்து விட்ட பிறகு மூன்று முறை டிரைவர் சீட்டுவரை போனான். பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் தெரிந்துவிடும். இருபது வருடமாக மெக்கானிக் வேலை பார்ப்பவனுக்குக் கால் போகவில்லை.

வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். பதினைந்து வருடப் பழைய கார். மேலே பளபளப்பு, அடியில் பூராவும் துரு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தான். முன்பக்கத்து டிஸ்க், பேட், பைப் எல்லாம் மாற்றினான். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் மட்டும் பெட்ரோல் டேங்குக்கு மேலே ஓடியது. டேங்கைக் கழற்றினால்தான் அதைத் தொட முடியும். டேங்கைப் பிடித்திருந்த பட்டிகளோ தொட்டாலே உதிரும் நிலையில் இருந்தன. மறுநாள் காலை, ஓட்டத் தகுதி உண்டா என்று பார்க்கும் வண்டிச் சோதனை. எட்டிய வரை தேய்த்து, மேலே கறுப்பு கோட்டிங் அடித்துவிட்டான். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. சோதனைக்காரரும் அதைத்தான் பார்த்தார். அடுத்த மாதம் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். பின்பக்க வேலை முடிந்ததா என்று மச்சான் கேட்டபோதெல்லாம் அதையே சொன்னான். அந்த அடுத்த மாதம் எட்டு தடவை வந்து போயிற்று.

மச்சான் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். “நீங்க என்ன நம்பிப் பொண்ணக் குடுத்தீங்க. நான் உன்ன நம்பி வண்டில ஏறுறேன். ரெண்டுக்கும் சரியாப் போச்சு.”

டேங்குக்கு மேலே இருந்த சந்தில் கையை நுழைத்தான். ஓரிடத்தில் கோட்டிங் உப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினான். கறுப்புத் தோல் மொத்தமாக உரிந்து வந்தது. உள்ளே செதில் செதிலாகத் துரு. விரல் ஈரமானது. தண்ணீராக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மோந்து பார்த்தான். பிரேக் ஆயில்.

முன்சக்கரம் பிடித்திருக்கும், அந்த வேகத்துக்கு அது போதும் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது.

சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. அக்கா.

“இங்க என்னடா பண்ற? உன்னத்தான் தேடுறாங்க.”

“சும்மா பாக்குறேன்க்கா.”

அவள் போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்தாள். முகம் தெரியவில்லை, சேலை மட்டும் தெரிந்தது.

“உன்கிட்ட மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாத. நேத்து கிளம்புறப்பவே நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குதுன்னாரு. வாயுவா இருக்கும், சும்மா லீவு போடாதீங்கன்னு நான்தான் சாவிய எடுத்துக் கையில குடுத்தேன்.” சேலைத் தலைப்பை இழுத்துக் கையில் சுற்றினாள். “நான்தான்டா அனுப்பி வெச்சேன்.”

அவனுக்குள் குபுக்கென்று ஒரு நிம்மதி வந்தது. அப்படியானால் நெஞ்சுதான், பைப் இல்லை. நேற்றிலிருந்து பிடித்திருந்த மூச்சை விட்டான். விட்ட உடனே அந்த நிம்மதியைக் கண்டு பயந்தான். வாயை மூடிக்கொண்டு கிடந்தால் போதும், அக்கா மொத்தத்தையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டு ஆயுசுக்கும் சுமப்பாள். இவன் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான்.

“அக்கா, டிரைவர் சீட்ல உக்காரு.”

“எதுக்கு?”

“உக்காரேன். ஸ்டாண்டு மேல நிக்குது, மெதுவா ஏறு.”

கதவு திறந்தது. தலைக்கு மேலே கார் லேசாக அசைந்தது. நேற்று மச்சான் உட்கார்ந்திருந்த இடம்.

“பிரேக்க மிதி.”

மிதித்தாள். சந்துக்குள் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகி, அவன் கன்னத்தில் விழுந்தது.

“பெடல் கெட்டியா இருக்கா?”

“இல்லடா.” அவள் குரல் இறங்கியது. “கீழ போயிட்டே இருக்கு.”

“அந்த பைப்ப நான் மாத்தலக்கா. துருவுக்கு மேல கறுப்பு அடிச்சு விட்டுட்டேன். மச்சான் கேட்டப்பல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு…”

திட்டுவாள், அழுவாள், இறங்கி வாசலுக்குப் போய் எல்லோரையும் கூட்டிவருவாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தான். வாசலில் யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பெடல் மேலே வந்தது. மறுபடியும் இறங்கியது. மறுபடியும் வந்தது. பிரேக் வேலையில் ஒருவர் மேலே மிதிப்பார், இன்னொருவர் அடியில் கிடந்து பார்ப்பார். அடியில் இருப்பவர் போதும் என்று சொல்லும் வரை மிதிப்பவர் நிறுத்த மாட்டார். அவனுக்குக் குரல் வரவில்லை. அக்கா மிதித்துக்கொண்டே இருந்தாள்.