லீவு கேட்காத பொலிசு

வீதி அகலப்படுத்தும் இடத்தில் வளைவுக்கு ஒரு பொலிஸ்காரர் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒருவர் வந்தார், ஒன்பது நாள் நின்றார். பத்தாம் நாள் வேறு டியூட்டிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகும்போது, மின்னும் பட்டி வைத்த தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கிருஷ்ணராஜிடம் கொடுத்தார். "இத தொங்க விடு. வாகனம் மெதுவா வரும்" என்றார், அரைகுறைத் தமிழில்.

அந்த வளைவில் சிவப்புக்கொடி பிடிப்பவன் கிருஷ்ணராஜ். அவனுக்கு அப்படியொரு கோட்டு யாரும் கொடுத்ததில்லை. தான் போடாமல், உரச்சாக்கில் மானாப்புல்லைத் திணித்து அதற்கு மாட்டினான். தலைக்குத் தார்வாளியைக் கவிழ்த்து வளைவில் நிறுத்தினான்.

"ஐயாவுக்கும் ஒரு வாய் சோறு வையி புள்ள. லீவு கேக்காத ஒரே பொலிசு இவருதான்."

அங்கேயே கல் சுமந்த அவன் மனைவி யசோதினி, சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

மூன்று வாரம் பொம்மை நன்றாகத்தான் வேலை பார்த்தது. அன்று காலை பனியோடு காற்றும் சேர்ந்துகொண்டது. கோட்டின் வெறுங்கை எழும்பி எழும்பி வீசியது. ஹாலிஎலப் பக்கமிருந்து வந்த லொறிச் சாரதி, பொலிஸ்காரர் 'வா, வா' என்கிறார் என்று நினைத்து அழுத்திக்கொண்டு வந்தான். கொடியோடு நின்றவனைப் பனி மறைத்திருந்தது. யசோதினி கூடையைப் போட்டுவிட்டு ஓடிச் சேரும்போது உயிர் இல்லை.

எட்டாம் நாள் பொலிஸ் நிலையத்தில் அவளுடைய வாக்குமூலம் தயாராக இருந்தது, சிங்களத்தில். துணைக்கு வந்திருந்த ஹாட்வெயார் கடை பஸீல் நானா வாசித்துச் சொன்னார்.

"பொலிஸ் நிண்டாராம். லொறிய மறிச்சாராம். ஒங்கட புருஷன்தான் குறுக்க பாஞ்சாராம். இப்பிடித்தான் எழுதீக்கி, தங்கச்சி."

"பொய் நானா. பொலிசே இல்ல. அது பொம்ம."

பஸீல் அதைச் சொன்னதும் சார்ஜன்ட் பேனாவை வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"பொம்மய செஞ்சது யாரெண்டு கேக்குறார்."

"எங்க வீட்டுக்காரர்தான். கோட்டக் குடுத்தது இந்தா நிக்கிறாரே, இவரு. கேளுங்க நானா!"

கதவோரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அந்தப் பொலிஸ்காரர் கோப்பைக்குள் பார்த்தபடியே ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றாரு?"

"கோட் களவு போச்சாம். அண்டைக்கே பொலிஸ் புத்தகத்துல என்ட்ரி போட்டீக்காராம்."

யசோதினி தோட்டத்து லயத்தை நினைத்தாள். அங்கே எட்டுக் குடும்பத்தின் காம்பராவும் ஒரே சுவர்; ஒன்றில் பேசினால் எட்டிலும் கேட்கும். நாளைக்கே கிருஷ்ணராஜ் களவெடுத்தவனாகிவிடுவான். அடக்கம் செய்த பிறகு.

"பொம்மயெண்டு எழுதினா களவும் எழுதுவாங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டேன், தங்கச்சி. நீங்க யோசிங்க."



"களவு வேணாம் நானா. குறுக்க பாஞ்சாருன்னே இருக்கட்டும்."

சார்ஜன்ட் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். அவள் பேனாவை வைத்ததும் அந்தப் பொலிஸ்காரர் உள்ளே போய் இன்னொரு தேத்தண்ணி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் குடித்தாள்.