வினிகர் கேன்

எழுந்ததும் பல் துலக்குகிறேன். முகம் கழுவுகிறேன். நேற்றுப் போட்ட சட்டை கசங்காமல் இருந்தால் அதையே போட்டுக்கொள்கிறேன். வீட்டைப் பூட்டுகிறேன். தெருமுனைக் கடையில் ஒரு கேன் வினிகர் வாங்குகிறேன். பையில் போடுவதில்லை. பை நாறும் என்று மனைவி சொல்வாள். கேனைக் கையில் தொங்கவிட்டபடி நடந்துபோய் எங்கள் சலவைக் கடையின் ஷட்டரைத் தூக்குகிறேன். விளக்கு. மின்விசிறி. இஸ்திரிப் பெட்டி. பிறகு உள்ளறையைத் திறந்து வினிகரை அலமாரிக்கு அடியில் வைக்கிறேன்.

அவள் இறந்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை. கறைதான் போகவில்லை.

துணியை வெளுக்கவும் தேய்க்கவும் எல்லோருக்கும் தெரியும். காய்ந்துபோன தேநீர்க் கறையை, பழச்சாற்றுக் கறையை வெள்ளைத் துணியிலிருந்து தடமில்லாமல் எடுப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பது பேச்சு. கலவையை உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கலப்பாள். நான் முன்னால் கல்லாவில் இருப்பேன். கதவிடுக்கில் வினிகர் வாசனை வரும். அதனால் வினிகர் என்பது தெருவுக்கே தெரியும். எதோடு, எவ்வளவு என்பது தெரியாது. எனக்கும் தெரியாது.

எதிர்வரிசையில் இன்னொரு சலவைக் கடை. கதவுக்கு நீல வண்ணம் அடித்திருக்கும். நடத்துகிறவளை எல்லோரும் நீலக்கா என்பார்கள். கல்யாணமான புதிதில் நான் மனைவியிடம் ஒரு யோசனை சொன்னேன். வணிகவியல் படித்தவன். சொல்லாமல் இருக்க முடியுமா?

"ரெண்டு கடையும் சேர்ந்து சோப்பும் சோடாவும் வாங்கினா மலிவா வரும். உனக்குத் தெரிஞ்சதை அவங்களுக்குச் சொல்லிக் குடு. அவங்களுக்குத் தெரிஞ்சதை நீ கத்துக்கோ."

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"இதைத்தான் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா? நான் அரிசி கொண்டு போவேன், அவ உமி கொண்டு வருவா, ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்னணும். அப்படித்தானே?"

"அதுக்கில்ல..."

"எதுக்கும் இல்ல. அந்தப் பொம்பளை நம்ம வாசலை மிதிக்கக் கூடாது. நீங்களும் அவகிட்டப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதீங்க."

நிற்கவில்லை. நீலக்கா சிரித்தால் வேறு பக்கம் பார்த்தேன். அவள் எங்கள் பக்கம் வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கினேன். மனைவியை எடுத்த அன்று வீட்டு வாசல்வரை வந்தாள். "நீங்க போகலாம்" என்றேன். திரும்பிப் போய்விட்டாள். இறந்தவளின் விருப்பத்தை நிறைவேற்றியதாக நினைத்துக்கொண்டேன். அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்றும் நினைத்தேன்.

கடை நடப்பது ஒரு ஓட்டலின் மேசை விரிப்புகளால். மற்றதெல்லாம் சில்லறை. ஓட்டல் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

உள்ளறை அலமாரியில் சோடா இருந்தது. சோப்புத் தூள் இருந்தது. மருந்துக் கடையில் புண் கழுவ விற்பார்களே, நுரைக்கும் மருந்து, அது பழுப்பு பாட்டில்களில் இருந்தது. கீழே வினிகர். எல்லாவற்றையும் வெந்நீரில் கலந்தேன். வினிகர்தான் அதிகம் வாங்குவோம், அதனால் அதை அதிகமாக ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது. வேலை செய்கிறது என்று நம்பினேன். பொங்கி அடங்கியதும் விரிப்பை எடுத்துப் பார்த்தேன். தேநீர்க் கறை ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். மறுபடி கலந்தேன். இன்னும் கொஞ்சம் வினிகர். மறுபடி அதே கறை.

ஓட்டல் மேனேஜர் ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா சாப்பிட வர்றவனுக்கு அது புரியுமா? நேத்து ஒருத்தன் கேக்கறான், விரிப்புல பூப்போட்ட டிசைனான்னு."

"அடுத்த மூட்டை சரியா வரும் சார்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. பாதியை உங்க எதிர்க்கடைக்குப் போட்டிருக்கேன். கோவிச்சுக்காதீங்க. இந்த மூட்டையும் இப்படியே வந்தா முழுசையும் மாத்திடுவேன்."

எதிர்க்கடையிலிருந்து வந்த விரிப்புகள் மேசைமேல் இருந்தன. ஒன்றைத் தொட்டேன். கறை இருந்த இடமே தெரியவில்லை. முகர்ந்து பார்த்தேன். வினிகர் வாசனை இல்லை. ஓரத்தில் தையல் பிரியாமல் இருக்க, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்திருந்தது. அப்படி மடிக்கிறவளை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் திருப்பிக் கொடுத்த கறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக நீலக் கதவுக்குப் போனேன்.

நீலக்கா தொட்டியருகில் நின்றிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே என்னையும் மூட்டையையும் பார்த்தாள்.

"வா தம்பி. வழி தெரிஞ்சுதா? ரோட்டைத் தாண்ட இத்தனை வருஷம் ஆச்சு உனக்கு."

"எங்க துணியை எப்படி வெளுத்தீங்க?"

"நான் கேட்டு வாங்கல. மேனேஜரே வந்து போட்டாரு."

"அதைக் கேக்கல. எப்படி வெளுத்தீங்க?"

அவள் என் கையிலிருந்த மூட்டையைப் பிரித்து ஒரு விரிப்பை எடுத்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, வினிகரை இதுலயா ஊத்தின?"

தலையாட்டினேன்.

"அது ஊரு மோப்பம் பிடிச்சு ஏமாறத் தம்பி. கலவைக்கு இல்ல. சோடாவுல வினிகரை ஊத்தினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுச் சும்மா கிடக்கும். வெறும் தண்ணிதான். அவ தினமும் அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்துவா. இந்தத் தெருவுலயே சுத்தமான சாக்கடை உங்களுதுதான்."

சிரிக்கப்போனவள் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் சொன்னா. வேற யாரு சொல்லுவா? எனக்கு எண்ணெய்க் கறை எடுக்கத் தெரியும், சாக்பீஸ் பொடியைப் போட்டு இஸ்திரிச் சூடு வெக்கறது. அதை நான் அவளுக்குச் சொன்னேன். இதை அவ எனக்குச் சொன்னா. உங்களுக்குக் கல்யாணமான புதுசுல."

கல்யாணமான புதிதில். அரிசியும் உமியும். நான் சொன்னதைத்தான் அப்படியே செய்திருக்கிறாள். என்னை மட்டும் விட்டுவிட்டு.

"உடம்பு முடியாமப் போனதும் உங்க உள்ளறைப் பின்கதவால வெளிய வந்து, பின்சந்தைச் சுத்தி மூட்டையை இங்க தள்ளிவிட்டுட்டு, அதோ, அந்த நாற்காலியில உக்காந்திருப்பா. நான் வெளுப்பேன். அவ மடிச்சுக் குடுப்பா. கை ஓஞ்சுபோனதும் எனக்கு மடிக்கக் கத்துக் குடுத்தா."

பிளாஸ்டிக் நாற்காலி. சுவரோரம் இருந்தது. முதுகுக்கு ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள்.

அந்த மாதங்களில் அவள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாயங்காலம் துணி வெள்ளையாக வெளியே வரும். நான் கல்லாவில் உட்கார்ந்து, இன்னும் தெம்பு இருக்கிறது, தேறிவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோதுகூட, துணியெல்லாம் அவள்தானே வெளுக்கிறாள் என்று அவரிடம் வாதாடினேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஒருத்தி துணியை இன்னொருத்தி வெளுக்கறான்னு தெரிஞ்சா ஓட்டல்காரன் நேரா எங்கிட்டயே வந்துடுவான்னு பயந்தா. நானும் கேட்டேன், புருஷன்கிட்டயாவது சொல்லேன்டின்னு. 'அவருக்குப் பொய் சொல்ல வராதுக்கா, மூஞ்சி காட்டிக் குடுத்துடும். நாம பகைன்னு அவரு நெசமா நம்பினாத்தான் ஊரு நம்பும்'னா. வெளிய சொல்ல மாட்டேன்னு எங்கிட்ட வாக்கும் வாங்கிட்டா."

"அவ போன பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

"எங்க சொல்றது? உங்க வீட்டு வாசல்லயா?"



நீலக்கா தொட்டியில் வெந்நீர் விட்டாள். சோடா. சோப்பு. பழுப்பு பாட்டில். வேறொன்றும் இல்லை. நான் கொண்டுபோன விரிப்பை முக்கினாள். பொங்கவில்லை. சத்தமில்லை. கறை ஓரத்திலிருந்து வெளிறி, நடுவில் சுருங்கி, காணாமல் போனது.

"இந்த மூட்டையை நீயே கொண்டு போ. உன் கடைப் பேருலயே குடு" என்றாள். "இனிமே ரெண்டு கடையும் வெளிப்படையாவே சேர்ந்து செய்வோமா தம்பி? நீ அப்பவே சொன்னியாமே. அவ சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யோசிக்கணும்" என்றேன்.

மேனேஜர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பழைய கை திரும்ப வந்துவிட்டது என்றார். எதிர்க்கடைக்குப் போட்ட பாதியையும் எனக்கே தருவதாகச் சொன்னார். பாதி போதும், மீதி அங்கேயே இருக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாயங்காலம் மாமியார் கடைக்கு வந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சொந்தக்காரர்களிடம் சொல்வதையே என்னிடமும் சொன்னார்.

"கடைசி வரைக்கும் உங்களையேதான் நெனச்சுக்கிட்டிருந்தா மாப்பிள்ளை. உங்களைக் கூப்பிட்டுக்கிட்டேதான் கண்ணை மூடினா."

அவர் அப்போது அறையில் இல்லை. மருந்து வாங்கப் போயிருந்தார். நான் இருந்தேன். நர்ஸ் வந்து மூக்கில் குழாய் வைப்பதற்கு முன் அவள் என் சட்டை நுனியைப் பிடித்தாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வினிகர் தீர்ந்திருக்கும், வாங்கி வெச்சுடுங்க."