திரைக்குப் பின்னால் அடுப்பு

தொழில் தொடங்குவது எப்படி என்று நாரின் என்ற ஊரில் நடந்த மூன்று நாள் வகுப்பில் பூருலுக்கு மண்டையில் ஏறியது இரண்டே விஷயம். கடன் வேண்டுமானால் அடுப்பைச் சொந்தக் காசில் கட்டவேண்டும். கடன் கொடுக்கிறவர் வந்து அதைக் கண்ணால் பார்க்கவேண்டும். அவளிடம் இருந்ததோ மாஸ்கோவுக்குப் போக பஸ் காசு மட்டும். நான்கு வருஷம் அங்கே மாடிப்படி துடைத்தவள். மாவில் கறி அடைத்து அடுப்பில் சுடும் சம்சாவுக்கு ஒரு கடை அமையாவிட்டால் மறுபடியும் அதே துடைப்பம். ஐந்து வயது மகள் பெர்மெத்தை மறுபடியும் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

வகுப்பில் கொடுத்த படிவத்தில் ‘உங்கள் மூலதனம்’ என்ற இடத்தில் அவள், ‘சொந்தக்காரர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர்’ என்று எழுதினாள். வகுப்பெடுத்த அம்மாள் சிவப்பு மையால் அடித்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு என்ன தெரியும்!

கொத்தனாரிடம் தவணை சொல்லி அடுப்பைக் கட்டினாள். கல்யாணத்தன்று தான் உட்கார்ந்திருந்த பூவேலைத் திரையை எடுத்து அதன் முன்னால் தொங்கவிட்டாள். புதுப்பெண்ணின் முகத்தை முதல்முறை பார்ப்பவர்கள் காசு வைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அந்தக் காசுக்குக் கொருந்துக் என்று பெயர். பெண்ணுக்கு உண்டென்றால் அடுப்புக்கு மட்டும் இல்லையா?

கொடுக்காதவர் என்று பேர் வாங்க யாருக்கு மனம் வரும்? சொந்தக்காரர்கள் வந்தார்கள், காசு வைத்தார்கள், பார்த்தார்கள். “லட்சணமாத்தான் இருக்கு, கொஞ்சம் குட்டை” என்றார்கள். ஒரே வாரத்தில் கொத்தனார் கணக்கு தீர்ந்தது. மறுவாரம் பக்கத்து ஊரிலிருந்தும் ஆள் வந்தது.

“எப்பத்தான் பத்த வைப்பே?” என்றான் புருஷன் சதார்.

“பத்த வச்சா மூஞ்சி கறுத்துடும். அப்புறம் எவன் காசு குடுப்பான்?”

“அப்ப சம்சா?”

“அதுக்கு மாவு வேணும், கறி வேணும். இதுக்குத் திரை போதும்.”

கடன் நிதியிலிருந்து நூர்தோலோத் என்ற அதிகாரி வந்தார். பூருலின் சித்தி ஜூரா குறுக்கே நின்றாள்.

“கொருந்துக் வச்சுட்டுப் பாருங்க தம்பி.”

“மனு போட்டவங்களுக்கு நான் ஒத்தக் காசு குடுக்கக்கூடாதும்மா. வேலை போயிடும்.”

பூருல் பதறிப்போய்த் திரையை இழுத்தாள். மறுமுனையை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். “நாங்க காசு குடுத்துப் பார்த்தோம், இவரு ஓசியில பார்ப்பாரா? அப்ப எங்க காசைத் திருப்பிக் குடு.” அந்தக் காசு கொத்தனார் வீட்டுக் கூரையாகி நாளாயிற்று.

நூர்தோலோத் ஒரு மணி நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் பதினோரு பேர் காசு வைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“அடுப்பைப் பார்த்தேன்னு பொய் எழுத மாட்டேன். என் கண்ணு பார்த்ததை எழுதுறேன்” என்றவர், ‘தொழில்: அடுப்பு காட்டுதல். கூட்டத்துக்குக் குறைவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடன் வந்தது. கூடவே ஒப்பந்தமும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு, அதிகாரி எழுதிய தொழிலைத் தவிர வேறு தொழில் கூடாது. உரிமையாளர் ஊரைவிட்டுப் போகக் கூடாது. பூருல் அதை நின்றபடியே படித்தாள், கையெழுத்துப் போட்டாள்; பிறகு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பெர்மெத் ஓடிவந்து மடியில் ஏறினாள். “அம்மா, சம்சா எப்ப சுடுவே?”

“உனக்கு ஏழு வயசாகி நீ பள்ளிக்கூடம் போறப்ப.”

“அது வரைக்கும் நீ இங்கயே இருப்பியா?”

“இருந்துதான் ஆகணும்டி. கையெழுத்துப் போட்டாச்சு.”