நோலீனின் எலுமிச்சைக் கேக்

1

"என் மரத்துல கை வெச்சா—"

"வைக்காம? ஆறு உன் தலை மேலயா ஓடும்?"

"ஓடட்டும்! நாப்பது வருஷம் குடியிருந்த மண்ணு, புவாமிரியா!"

"எங்க பாட்டன் முப்பாட்டன் விலாங்கு பிடிச்ச மண்ணு, நோலீன். நான் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா நிக்கிறேன்?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது: குழுக் கூட்டத்தில், நோலீன் வழக்கமாகக் கொண்டுவரும் கேக்கைத் தட்டில் அடுக்கிவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் முதுகுக்குப் பின்னால், இரண்டு குரல்களாக. முகங்களைப் பிறகுதான் பார்த்தேன்.

2

முதலில் வேறு மாதிரிதான் தொடங்கினேன். 'பூமி குலுங்கிய அந்த மதியம்—' வேண்டாம். கிரைஸ்ட்சர்ச்சில் எல்லாருமே அங்கேதான் தொடங்குகிறார்கள்.

'வீடுகள் போய், பழமரங்கள் மட்டும் மிஞ்சிய ஓட்டாகாரோ ஆற்றங்கரையில், மாலை வெயில்—' வெயில் என்ன செய்தது? தெரியவில்லை. வெயில் பேசாது. பேசாததை எனக்கு எழுத வராது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கத்தில் சேறாகிப் போன எங்கள் தெருக்களை அரசு வாங்கி, வீடுகளை இடித்துவிட்டது. அந்த நிலத்தை, புவாமிரியாவின் மக்களான மாவோரி பூர்வகுடிகளின் முறைப்படி தேற்றுவது எங்கள் குழுவின் வேலை. முதலில் ஆறு, அடுத்து விலாங்கு, கடைசியில்தான் மனிதர். கரையில் விளைவது எல்லாருக்கும் சாப்பாடு. ஆறு அகல வேண்டுமானால் நோலீனின் எலுமிச்சை மரம் போக வேண்டும். மண் தோண்டும் வண்டி வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

(குழுவில் விலாங்குக்கு ஒரு நாற்காலி போட்டிருந்ததாகவும் எழுதி, புவாமிரியாவிடம் படித்துக் காட்டினேன். "நாற்காலியா? அது எதை வெச்சு உட்காரும்?" என்றாள். அடித்துவிட்டேன். பாதி மனதோடு.)

3

"டெஸ் அங்கதான் இருக்கார்," என்றாள் நோலீன்.

"எந்த டெஸ்?"

"நான் எத்தனை டெஸ்ஸைக் கட்டினேன்? என் புருஷன்தான். போன வருஷம் அவர் சாம்பலை அந்த மரத்தடியில புதைச்சேன். இப்ப தோண்டு, பாக்கலாம்!"

புவாமிரியா பாய்ந்து வெளியே ஓடி, வண்டியின் முன்னால் கைகளை விரித்து நின்றாள். "நிறுத்துய்யா! கீழ ஆள் இருக்காரு!"

ஓட்டுநர் அலறிக்கொண்டு குதித்தான். யாரையோ நசுக்கிவிட்டதாகவே நினைத்துவிட்டான், பாவம்.

4

"அப்ப மரம் நிக்கும்?" என்றாள் நோலீன், எல்லாரும் உள்ளே திரும்பி உட்கார்ந்ததும்.

"நிக்கும். செத்தவங்களை நாங்க தோண்ட மாட்டோம். ஆறு வேணா சுத்திப் போகட்டும்."

"ஜெயிச்சேன்!"

"இரு, மகராசி. இனி அது சாப்பாட்டு மரம் இல்ல. ஒரு பழம்கூட யார் வாய்க்கும் போகக் கூடாது. செத்தவங்க வேற, சோறு வேற. ரெண்டையும் நாங்க சேக்கவே மாட்டோம். அது தாபு."

(இங்கே 'தீட்டு' என்று எழுதி அடித்தேன். தீட்டு என்றால் விலகிப் போகச் சொல்வது. இவள் டெஸ்ஸுக்குக் காவல் போடுகிறாள். பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.)

"ஒண்ணுகூடவா?" நோலீனின் குரல் இறங்கிவிட்டது. "அவர் யாரையும் வெறும் வயித்தோட அனுப்பினதே இல்ல, புவாமிரியா. அதனாலதான் நான் கூட்டத்துக்குக் கூட்டம்—"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

5

முடிவு ஒன்று: நோலீன் பொய் சொல்லி மரத்தையும் எங்களையும் காப்பாற்றுகிறாள். முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள், தாபு நீங்க, குழு மொத்தமும் ஆற்றில் இறங்கிக் கைகழுவுகிறது. வாயை எப்படிக் கழுவுவது என்பதற்குத் தனிக் கூட்டம்.

தேர்ந்தெடுக்க எனக்குத் தகுதியில்லை. நான் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தேன். இந்தக் கதையில் தட்டைத் தொடாத ஒரே ஆள் நீங்கள்தான். நீங்களே சொல்லுங்கள்.

புவாமிரியா கையிலிருந்த பாதித் துண்டை மெல்லத் தட்டில் வைத்தாள்.

"நோலீன், என் முகத்தைப் பாத்துச் சொல்லு. இந்தக் கேக்குல போட்டது எந்த மரத்து எலுமிச்சை?"