மூன்று வாரத்து மேரி

காலை ஐந்தரைக்கெல்லாம் நாங்கள் சூளை அறைக்குள் நுழைந்துவிடுவோம். வெளியே டைன் ஆற்றின் மீது பனிமூட்டம். உள்ளே கண்ணைப் பொசுக்கும் வெக்கை. கதவுக்கும் சுவருக்கும் பூசும் சாயத்துக்கான காய்ந்த ஈய வெள்ளைத் தூளைத் தட்டோடு தூக்கித் தலையில் வைத்து, படியிறங்கி, பீப்பாயில் கொட்ட வேண்டும். தட்டு ஒன்று முப்பது ராத்தல். வாயையும் மூக்கையும் துணியால் இறுக்கிக் கட்டியிருப்போம். தூள் துணியைக் கேட்டா உள்ளே போகிறது? ஊரின் பெரிய வீட்டுக் கதவுகள் வெள்ளை வெளேரென்று இருப்பதற்கு எங்கள் குடல் கருக வேண்டியிருந்தது.

அந்த வியாழக்கிழமை எனக்கு முன்னால் ஹெஸ்டர் போய்க்கொண்டிருந்தாள். பத்து நாளாகவே அவள் மணிக்கட்டுகள் துவண்டு தொங்கின. முழங்கையால்தான் தட்டை அணைத்துப் பிடித்திருந்தாள். நடுப்படியில் நின்றாள்.

"டோர்கஸ், விளக்கை யாருடி அணைச்சது?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த நொடி தட்டோடு விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தூள் அடங்கி, முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது மூச்சு இல்லை.

மேஸ்திரி நோட்டைப் புரட்டி, அதில் அவளுக்கு இருந்த பெயரைப் படித்தான். "மேரி கிளார்க். சேர்ந்து மூணு வாரம்."

டோர்கஸ் என்பது என் பெயர். ஆலைக்குள் சொல்லக்கூடாத பெயர். என் புருஷன் கடலோடு போன பிறகு அதைச் சொல்ல ஹெஸ்டரின் வாய் ஒன்றுதான் இருந்தது.

எங்கள் மிஸ்ஸைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முதலாளி பெல்ஃபோர்டின் தங்கை, மிஸ் அகஸ்டா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெறும் வயிற்றில் ஈயம் சீக்கிரம் ஏறும் என்று எங்கோ படித்துவிட்டு, அண்ணனோடு ஒரு வருஷம் மல்லுக்கு நின்று ஆலை வாசலில் கஞ்சிக்கூடம் திறந்தவர். வாரம் ஒருமுறை டாக்டர் வந்து எங்களைப் பார்க்க வைத்தவரும், பார்த்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடுபவரும் அவரே. ஈயம் ஏறிய அடையாளமாக ஈறில் நீலக்கோடு விழுந்தவளின் பெயரை அடித்து, டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். உடம்பு தேற மூன்று மாதம். அந்த மூன்று மாதம் எதைச் சாப்பிடுவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அதனால், பெயர் அடிக்கப்பட்டவள் இரண்டு வாரம் கழித்து வேறு தொப்பியோடும் வேறு பெயரோடும் வாசலில் வந்து நிற்பாள். மேஸ்திரிக்குத் தெரியும், அவனுக்கு ஆள் வேண்டும். ஏழு வருஷத்தில் ஹெஸ்டருக்கு மேரி நான்காவது பெயர். நான் அப்போது ஜேன் பெல்.

அண்ணன் வீட்டு விருந்துகளில் மிஸ்ஸோடு யாரும் பேசுவதில்லையாம். அந்த வீட்டுச் சமையல்காரி சொல்வாள். எங்கள் கூடத்திலும் அதே கதைதான். அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கஞ்சியை ஊற்றிவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி, யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று நிற்பார். எனக்குப் பாவமாக இருக்கும். ஆனாலும் பேச மாட்டேன். பேசினால் பொய் பேச வேண்டும்.

மறுநாள் காலை கஞ்சிக்கூடத்துக்கு முதலாளியே வந்தார்.

"நாளைக்கு மரண விசாரணை. மூணு வாரம் வேலை பாத்தவளை ஈயம் கொல்லாது. குடிச்சிட்டு வந்திருக்கா. யாராவது ரெண்டு பேர் வந்து, அவமேல ஜின் வாடை அடிச்சுதுன்னு சொல்லுங்க."

"அவ குடிச்சதே இல்லீங்கய்யா" என்றேன்.

"மூணு வாரப் பழக்கத்துல உனக்கு அதெல்லாம் தெரியுமோ?"

ஏழு வருஷப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? பெக் சும்மா இருக்கவில்லை. எங்களில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான். "பக்கத்துல நின்னா வாடை தெரியாதாங்கய்யா? உங்க சுருட்டு இங்க வரைக்கும் நாறுதே."

"வாயை அடக்கு. வாசல்ல இருபது பேர் வேலைக்கு நிக்கிறாங்க."

"வெளிய நிக்கிறவங்க நல்லாத்தான் நிக்கிறாங்கய்யா. உள்ள வந்தாத்தான் விழுந்துடறோம்."

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். அதுவரை கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மிஸ் என் பக்கத்தில் வந்தார். "ஜேன், மேரிக்குச் சொந்தக்காரங்க உண்டா? கல்லறையில பேர் பொறிக்கணும். செலவை நான் பாத்துக்கறேன்."

என்னால் தாங்க முடியவில்லை. "அது அவ பேரே இல்ல மிஸ். அஞ்சு வருஷத்துக்கு முன்னால குளிர்ல நடுங்கின ஒருத்திக்கு உங்க நீலச் சால்வையைப் போத்திவிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஹெஸ்டர். டாக்டர் அனுப்பிட்டாரு. எங்கேயோ நல்லா இருக்கான்னு நெனச்சிட்டிருக்கேன்."

"அவதான் இவ."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பல் போய், முடி கொட்டி, வெள்ளைத் தூளும் படிந்தால் எங்கள் முகமெல்லாம் ஒன்றுதான். மிஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஆலையில ஒரு பொண்ணும் ஆறு மாசத்துக்கு மேல ஈயத்துல நிக்கிறதில்லன்னு லண்டன் கூட்டத்துல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க." என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லியிருப்பீங்க. நல்லதுன்னு நெனச்சேதான்."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "உன் பேர் என்ன?"

நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் என் சோறு போகும்.

மதியம் ஆற்றோரச் சுவரடியில் சூளை அறைப் பெண்கள் பதினோரு பேரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"உண்மைப் பேரைச் சொன்னா நாளைக்கே வெளிய தள்ளுவாங்க" என்றாள் ஒருத்தி.

"சொல்லலன்னா அவளை மூணு வாரத்து மேரியா புதைச்சிடுவாங்க" என்றேன். "அப்புறம் நான். எனக்கு ரெண்டு வாரம்னு எழுதுவாங்களோ என்னமோ."

"ஒருத்தி சொன்னா ஒருத்தியைத் துரத்தலாம்" என்றாள் பெக். "பதினோரு பேரும் சொன்னா? தட்டை முதலாளியா தூக்குவாரு?"

"வாசல்ல இருபது பேர் நிக்கிறாங்களே."

"அதுல பாதிப் பேர் டாக்டர் பேரை அடிச்சு அனுப்பினவங்கதான்டி. நான் போய்ப் பேசறேன்." ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு பெக் எழுந்து போனாள்.

மறுநாள் விசாரணை, ஊர் வழக்கப்படி, ஒரு மதுக்கடையின் மாடியில் நடந்தது. முன்வரிசையில் முதலாளி; பக்கத்தில் மிஸ். பின்னால் ஒரே ஒரு நீளப் பெஞ்சு எங்களுக்கு. மூன்று வாரம், குடிப்பழக்கம் என்று முதலாளி மளமளவென்று சொல்லி முடித்தார். வேறு யாராவது பேச வேண்டுமா என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் எழுந்தேன்.

"எம்பேரு டோர்கஸ் டெல்ஃபர். ஆலை நோட்டுல ஜேன் பெல். அதுக்கு முன்ன ஆன் வுட். செத்தவ ஹெஸ்டர் ராப்சன். ஏழு வருஷம் என்கூடத் தட்டு சுமந்தவ."

என் பெயர் என் காதுக்கே யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி கேட்டது.

"பாத்தீங்களா, பொய்க்காரின்னு அவளே ஒத்துக்கறா!" என்று முதலாளி கத்தினார்.

பெக் எழுந்தாள். "அப்ப நானும் பொய்க்காரிதான். எழுதிக்கங்கய்யா. மார்கரெட் ஹால். செல்லமா பெக். நோட்டுல எலன் ஷா."

மூன்றாவது ஆள் எழுந்தாள். மாடிப்படியில் காலடிச் சத்தம். வாசலில் வேலைக்கு நிற்கும் பெண்கள் ஏறி வந்து சுவரோரம் நின்றார்கள். மேஸ்திரி அவர்களை இடித்துக்கொண்டு கீழே ஓடினான். நோட்டில் எங்கள் பெயர்களை அடிக்கத்தான் போகிறான், தெரியும். அதிகாரி, "மெதுவா சொல்லுங்கம்மா" என்று பேனாவை மையில் தோய்த்தார்.

அப்போது மிஸ் எழுந்தார்.

"அகஸ்டா, உக்காரு" என்றார் முதலாளி.

மிஸ் கைப்பையிலிருந்து டாக்டர் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல இருக்கிற பேரெல்லாம் பொய். கையெழுத்து என்னுது" என்றார். அண்ணன் பக்கம் திரும்பாமல் எங்கள் பெஞ்சை நோக்கி நடந்து வந்தார்.

பெஞ்சில் இடமில்லை. யாரும் நிமிரவும் இல்லை. கஞ்சிக்கூடத்தில் நிற்பது போலவே நின்றார். கையில் கரண்டிதான் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அண்ணன் வீடு இனி அவருக்கு இல்லை, போக வேறு வீடும் இல்லை என்பதும் தெரிந்தது.

"டோர்கஸ்" என்றார் தாழ்ந்த குரலில். ஹெஸ்டருக்குப் பிறகு அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டவர் அவர்தான். "கொஞ்சம் நகர்ந்துக்கறியா?"

நான் பெக்கை இடித்தேன். பெக் முறைத்தாள், பிறகு பக்கத்திலிருந்தவளை இடித்தாள். அவள் அடுத்தவளை. பெஞ்சின் கோடி வரை ஒருவரையொருவர் இடித்து நெருங்கிக்கொண்டதில் ஓர் ஆள் உட்கார இடம் கிடைத்தது.

மிஸ் உட்கார்ந்தார். அதிகாரி தாளைத் திருப்பிவிட்டு, "அடுத்தது யாரும்மா?" என்று கேட்டார்.