பாலிரோனில் தூங்கியவன்

நாக்கரி நாலு ரோடு என்ற ஊரை உண்டாக்கியது சாலையல்ல, தூரம். பாலிரோன் டவுனிலிருந்து எங்கள் முக்கு மூன்று மைலும் இருநூறு கெஜமும். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளைப் பூட்ட வேண்டும் என்பது அயர்லாந்தின் அன்றைய சட்டம். முந்தின ராத்திரி மூன்று மைலுக்கு அப்பால் தூங்கிவிட்டு வரும் வழிப்போக்கனுக்கு மட்டும் ஊற்றலாம். அதை யோசித்துத்தான் கில்ஃபாயில் குடும்பம் இங்கே கடை கட்டியது. பூசை முடிந்ததும் டவுன்காரர்கள் நடந்தே வந்து குடித்தார்கள். அவர்களை நம்பிக் கொல்லர் பட்டறை வந்தது, மளிகை வந்தது, ஐந்து வீடுகள் வந்தன.

அந்த ஐந்து வீட்டுக்காரர்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் கடையில் ஒரு சொட்டுக் கிடையாது. ஆறு நாள் கல்குவாரியில் சம்மட்டி அடிக்கிறவன் சும்மா இருப்பானா? நாங்களும் போனோம். சார்ஜென்ட் வந்து, "ராத்திரி எங்க தூங்கின?" என்று கேட்டால், "பாலிரோன்ல, அத்தை வீட்டுல" என்போம். என் அத்தை செத்து அப்போதே ஒன்பது வருஷம்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிறு அப்படித்தான் சொன்னேன்.

"உங்க அத்தைக்கு எத்தனை கட்டில்டா மார்ட்டி? பாதி ஊரு அங்கதான் படுக்குது" என்றபடி சார்ஜென்ட் நோட்டில் எழுதிக்கொண்டார். கடை முழுக்கச் சிரிப்பு.

உண்மையில் முந்தின ராத்திரி நான் டின்னி லூபியின் தொழுவத்தில் இருந்தேன். டின்னி பக்கத்து வீட்டுக்காரன். குவாரியில் அவன் உளி பிடிப்பான், நான் அடிப்பேன். அவன் பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. விடியும்வரை இரண்டு பேரும் கயிறு கட்டி இழுத்தோம்.

அதே ராத்திரி ஒரு பண்ணைக்காரரின் வைக்கோற்போர் எரிந்தது. அவருக்கும் டின்னிக்கும் வேலித் தகராறு. திங்கட்கிழமை டின்னியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அவன் மனைவி டெலியா குவாரிக்கே வந்துவிட்டாள்.

"மார்ட்டிண்ணே, நான் சொன்னா பொண்டாட்டி பேச்சுன்னு தள்ளிடுறாங்க. அவரு கூட இருந்தேன்னு நீங்க சொன்னா விட்டுருவாங்க."

"சொல்றேம்மா. கடையில லார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கன்னுக்குட்டி கால இழுக்கும்போது லார்கிட்டயா கேட்டீங்க?"

கடைக்காரர் லார் கில்ஃபாயில் கிளாஸைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். பிறகு சொன்னார்: "தாராளமா சொல்லு. நீ பாலிரோன்ல தூங்குனதா சார்ஜென்ட் நோட்டுல இருக்கு. ஞாயித்துக்கிழம உள்ளூர்க்காரனுக்கு ஊத்துனேன்னு ரெண்டு தடவ மாட்டிட்டேன். இது மூணாவது. லைசென்ஸ் போயிரும். அப்புறம் நீ எங்கப்பா போய் உக்காருவ?"

கோர்ட்டில் பைபிளைத் தொட்டேன். சனிக்கிழமை ராத்திரி எங்கே தூங்கினாய் என்று நீதிபதி கேட்டார். டின்னி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயமே இல்லை. வீட்டுக்குப் போகப்போகிறவனைப் போல் தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

"பாலிரோன்லங்க ஐயா. அத்தை வீட்டுல."

டின்னிக்கு ஆறு மாதம் போட்டார்கள். கடை போனால் ஐந்து வீடும் போகும், ஊருக்காகத்தான் சொன்னேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். கூண்டில் நிற்கும்போது ஊர் என் நினைப்பிலேயே இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் என் பெஞ்சுதான் இருந்தது.

விடுதலையான மறுநாள், நல்ல பகலில், டின்னி கடைக்குள் வந்தான். குடிக்க எதுவும் கேட்காமல் நேரே என்னிடம் வந்தான். மெலிந்திருந்தான்.

"தூக்கம் நல்லா வந்துச்சா மார்ட்டி?"

அவ்வளவுதான் கேட்டான். மூலையில் எவனோ அடக்க முடியாமல் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டின்னி என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போனான். அந்த வாரமே டெலியாவோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

அன்றைக்கு அவனுக்குப் பின்னால் கதவு சாத்தியதும் லார் நான் கேட்காமலே ஒரு கிளாஸ் ஊற்றி என் முன்னால் வைத்தார். குடித்தேன்.